ஷிப்டு ஏழு மணிக்கு, பிள்ளை யாரிடம்?

காலை ஐந்தே முக்காலுக்குச் செபராங் ஜெயாவில் தெருவிளக்குகள் இன்னும் அணைந்திருக்காது. தொழிற்சாலைப் பேருந்து வர இன்னும் பதினைந்து நிமிடம். அதற்குள் ஒரு தாய் இரண்டு மாடி இறங்கி, மூலையில் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். தோளில் தூங்கும் பிள்ளை. கையில் பால் புட்டியும் மாற்றுத் துணியும் வைத்த பை. கதவு திறக்கிறது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுகிறது. தாய் செருப்புச் சத்தம் எழாமல் படியிறங்கிப் போய்விடுகிறார்.

விடுமுறையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்று நாள் இதைப் பார்த்தேன். சிறுவயதில் பள்ளிக்குப் போகும்போதும் இதே காட்சியைப் பார்த்திருப்பேன். அப்போது கண்ணில் படவில்லை. இப்போது எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது.

ஊர் திரும்பியதும் என் காலை நிகழ்ச்சியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறீர்கள்?" சினிமாக் கேள்விக்கு வருவதைவிட அதிகமான குரல்பதிவுகள் வாட்ஸ்அப்பில் குவிந்தன. பாதிப் பேர் மாமியார், அம்மா என்றார்கள். அக்கம்பக்கத்து அக்கா என்றார்கள் சிலர். ஒரு பெண், "யாரும் இல்ல, அதனால வேலைய விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைக் கேட்டார். அவர் கேட்ட பாட்டைப் போட்டேன். ஆனால் அவர் சொன்னது அன்று முழுக்க மனத்தைவிட்டுப் போகவில்லை.

இந்நாட்டில் வேலைக்குப் போகும் வயதிலுள்ள ஆண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தொழிலாளர் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் ஏறத்தாழ 56 விழுக்காடுதான். வெளியே இருக்கும் பெண்கள் சொல்லும் முதன்மைக் காரணம் வீட்டுப் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு, நான்கு வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை.

ஆயாக் கொட்டகை

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். பிள்ளைகளை எங்கே விடுவது என்ற கேள்விக்குத் தோட்டத்தில் ஒரு பதில் இருந்தது: ஆயாக் கொட்டகை. பலகைச் சுவர், தகரக் கூரை, உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். மரம் வெட்ட முடியாத வயதான ஒருவரே ஆயாவாக இருப்பார். என் அம்மா அப்படிப்பட்ட ஒரு கொட்டகையில் வளர்ந்தவர். "நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டால் சிரிப்பார். "அழுதா ஆட்டுவாங்க, இன்னும் அழுதா இன்னும் வேகமா ஆட்டுவாங்க."

ஆகவே அந்தக் கொட்டகையைப் பொற்காலம் ஆக்க நான் வரவில்லை. அது பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டதும் அல்ல. தாய் நேரத்துக்கு மரத்தடிக்குப் போக வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. ஆனாலும் அதில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. தாயின் உழைப்பு வேண்டும் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. வெள்ளைக்கார ஆட்சியின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படிப் பிறந்தவைதாம். சுதந்திர மலேசியா 1990-இல் இயற்றிய குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தரச் சட்டமும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தை முதலாளியின் கடமையாக எழுதி வைத்திருக்கிறது.

அதற்குள் தோட்டங்களே கரைந்துகொண்டிருந்தன. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. பிறையில் தொழிற்பேட்டை எழுந்தது. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் செபராங் ஜெயாவைப் புதுநகராக உருவாக்கியது. 1985-இல் பாலம் திறந்ததும் பெருநிலத்திலிருந்து தீவுக்கு ஷிப்டுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பால்மரம் வெட்டியவர்களின் மகள்கள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து மின்னணுச் சில்லுகளைச் சோதித்தார்கள். பத்து காவானில் தோட்டம் இருந்த பக்கம் இன்று தொழிற்பூங்கா. தமிழ்ப்பள்ளி மட்டும் பெயரில் 'தோட்டம்' என்ற சொல்லைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இந்த இடமாற்றத்தில் சம்பளம் கூடியது, வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது. தொலைந்துபோனது ஆயாக் கொட்டகை. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, தொழிலாளர் தங்குமிடம் பற்றிய விதிகள் தொழிற்சாலைகளுக்கும் நீண்டன. குழந்தைக் காப்பகக் கடமை தோட்டத்தோடு நின்றுவிட்டது. தொழிற்சாலை வாசலில் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது 'வீட்டு விஷயம்' ஆகிவிட்டது.

ஒரு சிறிய கணக்கு

குழந்தைப் பராமரிப்பு மையக் கட்டணம் ஏன் இவ்வளவு அதிகம் என்று நம்மில் பலர் குறைபடுகிறோம். நானும் குறைபட்டவள்தான். ஒருநாள் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

நம் நாட்டு விதிப்படி, ஒரு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துக்கு ஒருவர். இது அநியாயமான விதி என்று பிள்ளை பெற்ற யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று கைக்குழந்தைகளை ஒரே நேரத்தில் சமாளிப்பதே சாகசம்.

பராமரிப்பாளருக்குக் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கட்டும் 13 விழுக்காடு இ.பி.எஃப். சேர்த்தால் 1,921. இதை மூன்று குழந்தைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 640 ரிங்கிட். இன்னும் வாடகை இல்லை, மின்சாரம் இல்லை, கஞ்சிக்கு அரிசிகூட இல்லை. அடுத்து நேரக் கணக்கு. தாய்க்குக் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை ஷிப்டு. போக வர நேரம் சேர்த்தால் மையம் காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை திறந்திருக்க வேண்டும்: பதினான்கு மணி நேரம், ஐந்து நாளில் எழுபது. ஒரு பராமரிப்பாளரின் சட்டப்படியான வார வேலை நேரமோ 45 மணி. அப்படியானால் ஒருவர் போதாது, குறைந்தது ஒன்றரைப் பேர் வேண்டும். 640 என்பது 960 ஆகிறது. அந்தத் தாயும் அதே 1,700 ரிங்கிட் வாங்குபவர் என்றால், சம்பளத்தில் பாதிக்கு மேல் வெறும் ஆள்கூலிக்கே போய்விடும்.

இந்த இடைவெளி மூன்று வழிகளில் அடைகிறது. தாய் வேலையை விடுகிறார். அல்லது பராமரிப்பாளரின் கூலி குறைகிறது. நல்ல ஆள் நிற்பதில்லை, வருபவருக்குப் பயிற்சி இருப்பதில்லை. அல்லது மூன்று குழந்தைகளின் இடத்தில் ஏழு குழந்தைகள் இருக்கின்றன. தரம் என்பதைச் சுவரில் ஒட்டிய மிக்கி மவுஸ் படமாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது இந்த வகுத்தல் கணக்கில்தான் இருக்கிறது. எந்தத் தாயின் கட்டணத்தாலும் மட்டுமே இந்தக் கணக்கு நேராகாது. வேறு யாராவது பணம் போட்டால்தான் நேராகும்.

செபராங் ஜெயாவின் அந்த மூலை வீட்டு அக்காவிடம் பேசினேன். ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு பிள்ளைக்கு மாதம் 400 வெள்ளி. வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால் சமூக நலத்துறையில் பதிய வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பத்துக்குக் கீழ் என்றால் வீட்டு மையமாகப் பதியலாம். அவருக்கு அது தெரியும். "பதிஞ்சா வந்து பாப்பாங்க, அது சரியில்ல இது சரியில்லம்பாங்க. அதுக்கெல்லாம் நான் எங்கம்மா போவேன்?" என்றார். வீடு சுத்தமாக இருந்தது. பிள்ளைகள் வயிறு நிறைந்திருந்தன. தொலைக்காட்சி மட்டும் நான் இருந்த இரண்டு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும் ஒரே ஆள் அவர்தான். ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் முகம் பார்த்துப் பேச வேண்டும், அது உளறினால் பதில் உளற வேண்டும். பேச்சையே தொழிலாக வைத்திருப்பவள் என்பதால் சொல்கிறேன்: தொலைக்காட்சியும் வானொலியும் பேசும், ஆனால் பதில் சொல்லாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1960-களில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளை வைத்து பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு நடந்தது. நல்ல பாலர் கல்வி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். படிப்பு, வேலை, வருமானம் எல்லாவற்றிலும் முதல் பிரிவினர் முன்னால் நின்றார்கள்.

வாசலில் ஒரு மையம்

ஷிப்டு வேலைக்கு ஏற்ற மையம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய உதாரணம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கைசர் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். 1943 நவம்பரில் அந்தத் தளங்களின் வாசலிலேயே இரண்டு குழந்தை மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருந்தன. ஷிப்டு முடிந்து பிள்ளையை அழைக்க வரும் தாய் சமைத்த இரவு உணவையும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போகலாம். செலவு அரசாங்கத்தின் கப்பல் ஒப்பந்தத்துக்குள் அடங்கியது. போர் முடிந்த 1945-இலேயே மூடிவிட்டார்கள். பெண்களின் உழைப்பு அவசரமாகத் தேவைப்பட்டபோது வழி பிறந்தது. தேவை தீர்ந்ததும் வழியும் அடைந்தது.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம் ஆயாக் கொட்டகைக்கு 'பிள்ளைக் காம்பரா' என்று பெயர். 1992-இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனபோது, அரசு, தோட்டக் கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் ஒரே மேசையில் அமரும் ஒரு பொறுப்பாட்சி அமைப்பை ஏற்படுத்தினார்கள். இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அதன் வழியாகப் பல பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. ஆயாவின் இடத்தில் பயிற்சி பெற்ற அலுவலர் வந்தார். தொட்டிலோடு விளையாட்டுப் பொருளும் எடை பார்க்கும் தராசும் வந்தன. மலையகத்தில் சம்பளப் போராட்டம் ஓய்ந்தபாடில்லை, அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டகையை இடிக்காமல் அதையே பள்ளியாக உயர்த்தலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது. நாம் கொட்டகையை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்துவிட்டோம்.

தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு இது சட்டமாகவே இருந்தது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் காப்பகம் வேண்டியிருந்தது. பெண்களை மட்டும் எண்ணினால் முதலாளி முப்பதோடு நிறுத்தத்தானே பார்ப்பார்? பிள்ளை என்னவோ தாய்க்கு மட்டுமே பிறந்தது போல! 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் ஆண், பெண் பாராமல் ஐம்பது ஊழியர்கள் என்று எண்ணியது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். தனியாக வைக்க முடியாதவர்கள் பொது வசதியாகச் சேர்ந்தும் வைக்கலாம். இந்தச் 'சேர்ந்து' என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் நாட்டில் கட்டாயம் இல்லை, ஊக்கம் உண்டு. ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மையம் நடத்தும் செலவுக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் 2013-ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நிறுவனங்களுக்கு இரட்டை வரிக் கழிவு கிடைக்கிறது. ஒரு நிறுவனம் ஒரு லட்சம் ரிங்கிட் செலவழித்தால் இரண்டு லட்சத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 24 விழுக்காடு வரி என்றால் 48,000 ரிங்கிட் மிச்சம். கிட்டத்தட்ட பாதிச் செலவை அரசு ஏற்றுக்கொள்கிறது. அப்படியிருந்தும் தொழிற்சாலை வாசல்களில் மையங்கள் வரிசைகட்டி நிற்கவில்லை. பெரிய நிறுவனத்துக்குப் பொறுப்பு பயம். சிறிய நிறுவனத்தில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்காகக் கட்டடம் எழுப்ப முடியாது.

சேர்ந்து செய்வது பினாங்குக்குப் புதிதா என்ன? 1989-இல், திறமையான தொழிலாளர்கள் போதவில்லை என்றபோது, சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட மின்னணு நிறுவனங்களே மாநில அரசோடும் கல்வியாளர்களோடும் கைகோத்து, பி.எஸ்.டி.சி. என்னும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. தனித்தனியாக வாங்க முடியாத இயந்திரங்களை ஒரே கூரையின்கீழ் வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துப் போகும் முன்மாதிரி அது. பதினெட்டு வயதுத் தொழிலாளிக்குச் செய்ததை அவருடைய பதினெட்டு மாதப் பிள்ளைக்குச் செய்ய முடியாதா? பத்து நிறுவனங்கள் ஆளுக்கு ஐந்து இடம் என்று பணம் கட்டினால் பிறையில் ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு மையம் நடக்கும். தாய் ஒரு பங்கு கட்டட்டும், சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி.

இடம்? செபராங் பிறையில் கோயில் மண்டபங்களுக்கும் சங்கக் கட்டடங்களுக்கும் பஞ்சமில்லை. சனி ஞாயிறில் கல்யாணம், மற்ற நாளில் பூட்டு. சமூகத்தின் பங்கு இங்கே தொடங்கலாம். ஆனால் பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது. மாநகர் மன்றம், தீயணைப்பு மீட்புத் துறை, சுகாதாரத் துறை மூன்றின் ஒப்புதலும் வாங்கித்தான் சமூக நலத்துறையில் பதிய முடியும். தாழ்வான கழிப்பறை, இன்னொரு வெளிவாசல், சமையலறைக்குக் கதவு என்று மாற்ற வேண்டியவை பல. நன்கொடையாளரின் பெயரைக் கோபுர வாசலில் பொறிக்கும் நாம், குழந்தைக் கழிப்பறையில் பொறிக்கத் தயங்குவோமோ என்னவோ.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகள். தொழிற்சாலையில் மலாய்த் தாயும் சீனத் தாயும் நம்மவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கோயில் மண்டபத்துக்கு எல்லாரும் வர மாட்டார்கள். நிறுவனமும் ஓர் இனத்துக்கு மட்டும் பணம் தராது. தொழிற்பேட்டையில் பொது மையமும், குடியிருப்பில் சமூக மையங்களும், இரண்டுக்கும் ஒரே நிதியும் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பொது மையத்தில் தமிழ் பேசும் பராமரிப்பாளர் ஒருவராவது இருக்க வேண்டும். மூன்று வயது வரை தமிழ் கேளாத பிள்ளையை ஏழு வயதில் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்று வானொலியில் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை.

பாலர் பள்ளி இருக்கிறதே என்பார்கள். நல்லதுதான். 2014-இல் செடிக், 2018-க்குப் பின் மித்ரா என்று தமிழ்ப் பாலர் பள்ளிகளுக்கு அரசு நிதி வந்திருக்கிறது. பினாங்கிலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் பாலர் வகுப்பு உள்ளவற்றில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் பாலர் வகுப்பு நாளுக்கு நான்கு மணி நேரம். மதியத்துக்குள் முடிந்துவிடும். ஷிப்டு முடிய இன்னும் ஏழு மணி நேரம் இருக்கும். அதுவும் நான்கு வயதுக்கு மேல்தான். 2023 முதல் மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. தொண்ணூற்றொன்பதாம் நாளிலிருந்து நான்காம் பிறந்தநாள் வரை பிள்ளை யாரிடம் என்பதை நாம் அந்த மூலை வீட்டு அக்காவிடம் விட்டிருக்கிறோம்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. முழங்கால் வலி. "இன்னும் ரெண்டு வருஷம் பாப்பேன்" என்றார். முறையான பயிற்சிக்குப் போகச் செலவை யாராவது கொடுத்தால் போவீர்களா என்று கேட்டேன். "இந்த வயசுலயா?" என்று சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "எத்தன நாளும்மா அது?" என்றார்.

கிளம்பும்போது இரவு ஏழே முக்கால் இருக்கும். காலையில் பார்த்த அந்தத் தாய் படியேறி வந்தார். தொழிற்சாலைச் சீருடை மாற்றவில்லை. பிள்ளை மறுபடியும் தூங்கிக்கொண்டிருந்தது. தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"அக்கா, அடுத்த மாசம் எனக்கு நைட் ஷிப்டு போடுறாங்க. ராத்திரி வச்சுக்குவீங்களா?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. பையில் பால் புட்டி இருக்கிறதா என்று பார்த்து, ஜிப்பை மூடிக் கொடுத்தார்.